தண்ணீர்க்கரையில் ஒரு மாபெரும் குதிர்

நவீன அரிசி ஆலைக்குள் நீங்கள் போயிருப்பீர்கள். குழியில் கொட்டிய நெல்லை வாளிகள் கோத்த பெல்ட் ஒன்று அள்ளி அள்ளி மேல்தளத்துக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து சல்லடை, கல் நீக்கும் இயந்திரம், உமி நீக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக நெல் தானே இறங்கி வரும். அந்த வாளிப் பெல்ட்டை ஆலைக்காரர்கள் 'எலிவேட்டர்' என்பார்கள். வட அமெரிக்காவில் இதே பெயரை ஒரு கட்டடத்துக்கே வைத்துவிட்டார்கள். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் பல மாடி உயரத்துக்கு ஒட்டி ஒட்டி நிற்கும் கான்கிரீட் உருளைகளுக்கு 'கிரெயின் எலிவேட்டர்' என்று பெயர். கப்பலுக்கும் ரயிலுக்கும் நடுவே நிற்கும் தானியக் குதிர்கள் இவை. ஒரே கட்டடத்தில் லட்சம் டன் கோதுமைகூட அடங்கும்.

எங்கோ இருக்கும் இந்தக் கட்டடத்தைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? விளைபொருளின் எடை, ஈரம், தரம் ஆகிய மூன்றும் அங்கேதான் தீர்மானமாகின்றன. விவசாயிக்குக் கிடைக்கும் பணம் இந்த மூன்றைப் பொறுத்தது. இந்த மூன்றும் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்க, கனடா விவசாயிகள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். ஈரத்தையும் தூசியையும் அலட்சியம் செய்ததற்கு அங்கே உயிர்விலையும் கொடுத்திருக்கிறார்கள். சைலோ, மொத்தச் சேமிப்பு என்று நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பேசத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில் அந்த அனுபவம் நமக்குப் பயன்படும்.

முதுகுச் சுமையிலிருந்து வாளிக்கு

இந்தக் கட்டடம் பிறந்த ஊர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ. ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. அதற்கு அப்பால் நயாகரா அருவி குறுக்கே நிற்பதால் ஏரிக் கப்பல் மேற்கொண்டு போக முடியாது. 1825-ல் பஃபலோவையும் ஹட்சன் ஆற்றையும் இணைக்கும் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. மேற்குப் பகுதியில் விளைந்த கோதுமை ஏரி வழியாகக் கப்பலில் பஃபலோவுக்கு வரும். அங்கே சிறு படகுகளுக்கு மாற்றப்பட்டு, கால்வாய் வழியாக நியூயார்க் துறைமுகத்துக்குப் போகும்.

இடையில் இருந்த சிக்கல், கப்பலிலிருந்து படகுக்கு மாற்றும் வேலைதான். கப்பலின் அடித்தளத்தில் உதிரியாகக் குவிந்திருக்கும் கோதுமையை ஆட்கள் பீப்பாயில் அள்ளி, கயிற்றால் மேலே இழுத்து, முதுகில் சுமந்து கரை சேர்ப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மழை பெய்தாலோ காற்று பலமாக அடித்தாலோ வேலை நின்றுவிடும். துறைமுகத்தில் கப்பல்கள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும்.

1842-ல் ஜோசப் டார்ட் என்ற வணிகரும் ராபர்ட் டன்பர் என்ற பொறியாளரும் சேர்ந்து நீராவியால் இயங்கும் எலிவேட்டரைக் கட்டினார்கள். வாளிப் பெல்ட் அவர்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. ஆலிவர் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மாவு ஆலைகளில் அதைப் பயன்படுத்திவிட்டார். டார்ட் அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார். மனித முதுகைவிட மலிவான எலிவேட்டர் உலகில் கிடையாது என்று ஒரு வணிகர் தம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டதாக டார்ட் பிற்காலத்தில் எழுதினார்.

அந்த முதல் எலிவேட்டர் மணிக்கு 1,000 புஷல் இறக்கியது. ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ. அதாவது மணிக்கு 27 டன். டார்ட் சொன்ன இன்னொரு செய்தியைக் கேளுங்கள். 'ஜான் பி. ஸ்கின்னர்' என்ற பாய்மரக் கப்பல் 4,000 புஷல் கோதுமையுடன் ஒரு பிற்பகலில் வந்தது. அன்று மாலையே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியது. ஓஹையோ போய் இரண்டாவது சரக்கு ஏற்றி வந்து இறக்கியது. மறுபடியும் ஓஹையோவுக்குக் கிளம்பியது. முதல் பயணத்தில் அதோடு கூடவே வந்த மற்ற கப்பல்கள் அப்போதுதான் பழைய முறையில் சரக்கை இறக்கி முடித்து அதோடு சேர்ந்து கிளம்பின. அதன் பிறகு பஃபலோ ஆற்றங்கரை முழுவதும் எலிவேட்டர்கள் எழும்பின.

கப்பலுக்குள் இறங்கும் 'கால்'

வாளிப் பெல்ட் ஓடும் நீண்ட கூண்டை அங்கே 'லெக்', அதாவது கால் என்கிறார்கள். அரிசி ஆலையில் அந்தக் கால் குழிக்குள் நிலையாக நிற்கும். துறைமுக எலிவேட்டரில் அது கப்பலைத் தேடிப் போக வேண்டும். அதற்காகக் காலைக் கட்டடத்திலிருந்து தொங்கவிட்டு, கப்பலின் சரக்கு அறைக்குள் இறக்கும் ஏற்பாடு செய்தார்கள். பிறகு, காலைத் தாங்கும் கோபுரத்தையே தண்டவாளத்தில் ஏற்றி, கரை ஓரமாக நகர்த்தினார்கள். கப்பலை நகர்த்தாமலே ஒவ்வொரு அறையாகக் காலி செய்ய இது உதவியது.

எவ்வளவு நல்ல கால் என்றாலும் தன்னைச் சுற்றிச் சரிந்து வருவதை மட்டும்தான் அது அள்ளும். மூலை முடுக்கில் தங்கும் தானியத்தை ஆட்கள்தான் பெரிய மண்வெட்டிகளால் தள்ளிக் கொடுத்தார்கள். கயிறு கட்டிய அகலப் பலகைகளை நீராவியும் பிறகு மின்சாரமும் இழுக்க, ஆட்கள் அதைப் பிடித்து வழிநடத்துவார்கள். இவர்களுக்கு 'ஸ்கூப்பர்' என்று பெயர். தூசி மண்டிய அறையில் நாள் முழுவதும் வேலை. அவர்களுக்கு வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர் சாராயக்கடைகளோடு தொடர்பு உள்ளவர். கூலி அந்தக் கடைகளில்தான் பட்டுவாடா ஆகும். அங்கேயே குடித்துச் செலவழிப்பவருக்கு வேலையில் முன்னுரிமை கிடைக்கும். 1899-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்நகரின் கத்தோலிக்க ஆயர் அவர்கள் பக்கம் நின்றார். சாராயக்கடைப் பட்டுவாடா ஒழிந்தது. இயந்திரம் முதுகுச் சுமையைக் குறைத்தது. கூலியில் நியாயத்தைத் தொழிலாளர்களே போராடித்தான் பெற்றார்கள்.

மரம் போய்க் கான்கிரீட் வந்த கதை

முதல் எலிவேட்டர்கள் மரத்தால் ஆனவை. பலகைகளைப் படுக்கவைத்து அடுக்கி ஆணி அடித்த உயரமான பெட்டிகள். மரம், தானியத் தூசி, நீராவி இயந்திரம் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும்? தீ விபத்துகள் அடிக்கடி நடந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மாற்று தேடினார்கள். எஃகுத் தொட்டி, சுட்ட ஓடு என்று சோதித்துப் பார்த்தார்கள். பஃபலோவில் 1897-ல் கட்டிய 'கிரேட் நார்தர்ன்' எலிவேட்டர், செங்கல் சுவருக்குள் எஃகுத் தொட்டிகளை நிறுத்திய கட்டடம். 2021 டிசம்பரில் அடித்த சூறைக்காற்றில் அதன் ஒரு சுவர் சரிந்து, பிறகு கட்டடமே இடிக்கப்பட்டது.

முழுத் திருப்பம் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. ஃபிராங்க் பீவி என்ற தானிய வணிகரும் சார்லஸ் ஹாக்ளின் என்ற கட்டுமானக்காரரும் மினியாபொலிஸ் நகருக்கு அருகே 1899-ல் கான்கிரீட்டில் ஒற்றை உருளை ஒன்றைச் சோதனைக்காகக் கட்டினார்கள். தானியம் கீழே இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி உருளை நொறுங்கிவிடும் என்று பலரும் நம்பினார்கள். 'பீவியின் பைத்தியக்காரத்தனம்' என்று ஊரார் கேலி செய்தார்கள். தானியத்தை நிரப்பி, 1900-ல் ஊர் பார்க்க இறக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. அந்த உருளை இன்றும் நிற்கிறது.

அதைக் கட்டிய முறையும் கவனிக்கத்தக்கது. வட்ட வடிவ அச்சில் கான்கிரீட்டைக் கொட்டி, அது இறுகியதும் அச்சை மேலே நகர்த்தி அடுத்த சுற்றைக் கொட்டினார்கள். பிற்காலத்தில் இது இரவு பகல் நிற்காமல் அச்சை மெல்ல உயர்த்திக்கொண்டே போகும் முறையாக வளர்ந்தது. இடையில் நிறுத்தாததால் சுவரில் மூட்டு விழாது. ஈரம் நுழைய வழி குறையும். இன்று நம் ஊரில் உயரமான புகைபோக்கிகளையும் சிமென்ட் சைலோக்களையும் கட்டுவது இதே முறையில்தான்.

பஃபலோ ஆற்றங்கரையில் 1915 முதல் 1917 வரை கட்டிய 'கான்கிரீட் சென்ட்ரல்' எலிவேட்டர் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். 45 லட்சம் புஷல், அதாவது சுமார் 1.2 லட்சம் டன் கொள்ளும். அலங்காரம் ஏதும் இல்லாத இந்த உருளை வரிசைகளின் படங்களை வால்டர் குரோபியஸ், லெ கொர்புசியே போன்ற ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் தங்கள் நூல்களில் வெளியிட்டு, இனிக் கட்டடம் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அந்த லெ கொர்புசியேதான் பிறகு நம் சண்டிகரை வடிவமைத்தவர்.

தானியம் தண்ணீரைப் போல அழுத்தாது

ஏன் உருளை வடிவம்? தண்ணீர்த் தொட்டியில் ஆழம் இரண்டு மடங்கானால் அடியில் அழுத்தமும் இரண்டு மடங்காகும். தானியம் அப்படி நடந்துகொள்ளாது. மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, சுவரோடும் உராய்ந்து நிற்கின்றன. தங்கள் எடையில் ஒரு பங்கைச் சுவரின் மேல் சாய்த்துவிடுகின்றன. 1895-ல் யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதை அளந்து ஒரு சூத்திரமாகவே கொடுத்தார். ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே போனால் அடித்தள அழுத்தம் அதிகம் ஏறாது. கூடுதல் எடையைச் சுவர் தாங்கிக்கொள்ளும். உயரத்தை நம்பி ஏற்றிக்கொண்டே போக முடிவது இதனால்தான்.

சுவர் இரண்டு வேலை செய்ய வேண்டும். மேலிருந்து இழுக்கும் எடையைத் தாங்க வேண்டும். வெளிப்பக்கம் தள்ளும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். வட்டச் சுவரில் அந்தத் தள்ளல் வளையத்தைச் சுற்றிச் சமமாகப் பரவும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவதுபோல, கான்கிரீட்டுக்குள் கம்பி வளையங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். சதுரச் சுவராக இருந்தால் நடுவில் வயிறு தள்ளும். நான்கு உருளைகள் ஒட்டி நிற்கும்போது நடுவில் விழும் நட்சத்திர வடிவ இடைவெளியையும் வீணாக்காமல் அங்கேயும் தானியம் நிரப்புகிறார்கள்.

தானியம் இறங்கும்போது சுவர் மேல் விழும் அழுத்தம், அது சும்மா நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். ஒரு பக்க வாசல் வழியாக மட்டும் இறக்கினால் அழுத்தம் ஒருச்சாய்ந்து சுவர் கோணிவிடும். ஆகவே நடு அடியில்தான் இறக்க வேண்டும். தகரச் சைலோ வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணையும் மறந்துவிடக் கூடாது. 1913 அக்டோபரில் கனடாவின் வினிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் புதிதாகக் கட்டிய 10 லட்சம் புஷல் எலிவேட்டரை வேகமாக நிரப்பினார்கள். அடியில் இருந்த களிமண் தாங்கவில்லை. கட்டடம் உடையாமல், அப்படியே ஏறத்தாழ 27 டிகிரி சாய்ந்து நின்றது. பிறகு அடியில் புதிய தூண்கள் இறக்கி, ஜாக்கி வைத்து நிமிர்த்தி மறுபடியும் பயன்படுத்தினார்கள். ஆற்றங்கரை மண்ணில் எலிவேட்டர் கட்டுபவர்கள் முதலில் ஆழமான தூண்களை இறக்குவதற்கு இதுதான் காரணம்.

மேலே தூக்கு, தானே இறங்கட்டும்

1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்தது. பெரிய கப்பல்கள் பஃபலோவில் நிற்காமலே கடலுக்குப் போகத் தொடங்கின. பஃபலோவின் பல எலிவேட்டர்கள் காலியாயின. இந்தத் தொழில் இன்றும் பரபரப்பாக நடக்கும் இடங்களில் ஒன்று, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் கனடாவின் தண்டர் பே துறைமுகம். மேற்குச் சமவெளியில் விளையும் கோதுமை, கனோலா, பட்டாணி ஆகியவை ரயிலில் இங்கே வந்து கப்பல் ஏறுகின்றன.

உள்ளே நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். ரயில் பெட்டியின் அடிக்கதவைத் திறந்ததும் தானியம் இரும்புச் சட்டம் போட்ட குழியில் விழும். சுரங்க பெல்ட் அதை எலிவேட்டர் காலுக்குக் கொண்டுபோகும். கால் அதைக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் 'தலைவீட்டுக்கு' ஏற்றும். அங்கே முதலில் ஒரு சேகரத் தொட்டி. அதற்குக் கீழே எடைத் தொட்டி. அதற்குக் கீழே, எந்த உருளைக்குப் போக வேண்டும் என்று திருப்பிவிடும் குழாய். உருளைகளின் தலைக்கு மேலே நீளமாக ஓடும் பெல்ட், குறித்த உருளையில் தானியத்தைக் கொட்டும்.

இறக்கும்போது உருளையின் அடிக்கதவைத் திறந்தால் போதும். அடித்தள பெல்ட் தானியத்தை மறுபடியும் காலுக்குக் கொண்டுவரும்; உச்சியில் மறுபடியும் எடை பார்க்கப்படும்; நீண்ட குழாய் வழியாகக் கப்பலுக்குள் இறங்கும். மின்சாரச் செலவில் பெரும்பங்கு தூக்குவதற்குத்தான். ஒருமுறை உச்சிக்கு ஏற்றிவிட்டால், சலித்தல், எடை போடுதல், பிரித்தல் எல்லாவற்றையும் புவியீர்ப்பே இலவசமாகச் செய்துவிடும். கட்டடம் உயரமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

தண்டர் பேயில் இன்னொரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கப்பல் ஓடாது. ரயிலோ குளிரிலும் ஓடும். அந்த மாதங்களில் வரும் தானியத்தைப் பிடித்து வைத்து, பனி உருகியதும் கப்பலுக்குத் தள்ளிவிடும் அணைக்கட்டைப் போல எலிவேட்டர் வேலை செய்கிறது. நம் ஏரியில் மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடுவதும் இதே கணக்குதான்.

தராசு யார் கையில்?

ஆயிரம் விவசாயிகளின் கோதுமை ஒரே உருளையில் கலந்துவிடும். பிறகு 'என் கோதுமை' என்று ஒன்று கிடையாது. இன்ன தரம், இத்தனை எடை என்ற ஒரு சீட்டுதான் கையில் இருக்கும். ஆகவே தரமும் எடையும் பொதுவான விதிப்படி தீர்மானமாக வேண்டும். சிகாகோ வணிக வாரியம் 1850-களில் கோதுமைக்குத் தரப் பிரிவுகளை வகுத்தது இதற்காகத்தான். அங்கிருந்தே முன்பேர வணிகம் வளர்ந்தது.

அங்கேதான் ஊழலும் நுழைந்தது. தரம் குறைத்துச் சொல்லி வாங்குவது, தரம் உயர்த்திச் சொல்லி விற்பது, சேமிப்புக் கட்டணத்தைக் கூடிப் பேசி ஏற்றுவது. 1870-களில் சிகாகோவில் இருந்த 14 எலிவேட்டர்களை 9 நிறுவனங்கள் கட்டுப்படுத்தின. ஆண்டுதோறும் கட்டணத்தை அவை தங்களுக்குள் பேசி முடிவு செய்தன. விவசாயிகள் 'கிரேஞ்ச்' என்ற அமைப்பில் திரண்டார்கள். இல்லினாய் மாநிலம் 1871-ல் உச்சபட்சக் கட்டணத்தைச் சட்டமாக்கியது. 'எங்கள் சொந்தச் சொத்துக்கு அரசு எப்படி விலை வைக்கலாம்?' என்று எலிவேட்டர் முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1877-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'மன் எதிர் இல்லினாய்' வழக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் நலனைப் பாதிக்கும் தொழிலில் இருக்கும் தனிச்சொத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் சாரம்.

கனடாவில் 1901-ல் விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். தங்களுக்கு முறையாக ரயில் பெட்டி ஒதுக்காததற்காக 1902-ல் சிந்தலூட்டா என்ற சிற்றூரில் ரயில்வே முகவர் மீது வழக்குப் போட்டு வென்றார்கள். 1906-ல் சொந்தமாகத் தானிய நிறுவனம் தொடங்கினார்கள். 1920-களில் 'கோதுமைக் கூட்டு' என்ற கூட்டுறவுகள் ஏரிக்கரை எலிவேட்டர்களையே சொந்தமாக்கிக்கொண்டன. 1912-ன் கனடா தானியச் சட்டம் தரத்தைச் சொல்லும் பொறுப்பை அரசு ஆய்வாளரிடம் கொடுத்தது. இன்றும் உரிமம் பெற்ற எலிவேட்டரில் கொடுக்கும் தரமும் கழிவும் சரியில்லை என்று விவசாயிக்குத் தோன்றினால், மாதிரியைக் கனடா தானிய ஆணையத்துக்கு அனுப்பச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆணையம் சொல்வதே முடிவு. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் ஆள் தரத்தைச் சொல்கிறார் என்பதே இதன் பலம்.

கண்ணுக்குத் தெரியாத வெடிமருந்து

தானியத் தூசி எரியும். குவிந்து கிடந்தால் புகையும்; காற்றில் பரவி நின்றால் வெடிக்கும். தூசி, காற்று, தீப்பொறி, தூசி பரவி மிதப்பது, மூடிய இடம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் போதும். முதல் வெடிப்பு பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அது சட்டங்களிலும் தரையிலும் படிந்து கிடக்கும் தூசியை உதறி எழுப்பிவிடும். இரண்டாவது வெடிப்புதான் கட்டடத்தைத் தகர்க்கும்.

1977 டிசம்பர் 22-ல் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட்விகோ எலிவேட்டர் வெடித்து 36 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலும் ஒரு எலிவேட்டர் வெடித்துப் பலர் மாண்டார்கள். பத்தாண்டுக்குப் பிறகு 1987-ல் அமெரிக்காவில் தானியக் கூடங்களுக்கான பாதுகாப்பு விதி வந்தது. முக்கியமான இடங்களில் தூசிப் படிவு ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் சேர்ந்துவிட்டால் உடனே அகற்ற வேண்டும் என்கிறது அந்த விதி. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்த உயரம்தான் அது.

பொறி கிளம்பும் இடங்களில் முதலிடம் எலிவேட்டர் காலுக்கு. பெல்ட் வழுக்கி உரசுவது, பேரிங் சூடாவது, வாளி கூண்டில் மோதுவது, ஆணியோ இரும்புத் துண்டோ உள்ளே போவது. ஆகவே காந்தம் வைத்து இரும்பைப் பிடிக்கிறார்கள். பெல்ட்டின் வேகத்தையும் பேரிங்கின் சூட்டையும் கருவி கவனிக்கிறது. வரம்பு மீறினால் இயந்திரம் தானே நின்றுவிடும்.

மூச்சு விடும் தானியம்

சேமித்த தானியம் உயிருள்ளது. மூச்சு விடும், வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியிடும். ஈரம் அதிகமானால் மூச்சும் அதிகமாகும், பூஞ்சணம் சேரும், வெப்பம் ஏறும். அந்த வெப்பம் ஈரத்தைப் பக்கத்து மணிகளுக்குத் தள்ளும். பெரிய குவியலில் வெப்பம் வெளியேற வழியில்லை. கனடாவில் 14.5 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள கோதுமையை உலர்ந்த வகையில் சேர்ப்பதில்லை. உருளைகளுக்குள் மேலிருந்து கீழ்வரை வெப்பம் அளக்கும் கேபிள்கள் தொங்குகின்றன. ஓரிடத்தில் சூடு ஏறினால் குளிர்ந்த காற்றை ஊதுவார்கள். அல்லது அந்த உருளையைக் காலி செய்து வேறு உருளைக்கு மாற்றுவார்கள்.

கவனிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெய்ரூட் சாட்சி. லெபனான் நாட்டின் அந்தத் துறைமுகத்தில் 48 மீட்டர் உயரக் கான்கிரீட் சைலோ இருந்தது. 2020 ஆகஸ்ட் 4-ல் பக்கத்துக் கிடங்கில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது அந்தச் சைலோ அதிர்வின் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டு, தனக்கு மேற்கே இருந்த நகரப் பகுதியைக் காத்தது. சிதைந்த உருளைகளில் சிக்கிய தானியத்தை முழுவதும் எடுக்க முடியவில்லை. அது நனைந்து புளித்துச் சூடேறி, 2022 ஜூலையில் தானே தீப்பிடித்தது. வாரக்கணக்கில் புகைந்து, அந்த மாதக் கடைசியில் உருளைகள் சரியத் தொடங்கின. பெரு வெடிப்பைத் தாங்கி நின்ற சுவரை ஈரத் தானியத்தின் சூடு வீழ்த்தியது.

நம் களத்துக்கு வருவோம்

மொத்தமாகச் சேமிக்கும் முறை நமக்கும் அந்நியம் இல்லை. பஞ்சாபின் மோகா சைலோவிலிருந்து கோதுமை மூட்டையில்லாமல் தனி ரயில் பெட்டிகளில் சென்னைக்கும் கோவைக்கும் வருகிறது. மக்காச்சோளத்துக்குச் சிறு சைலோ போடலாமா என்று உற்பத்தியாளர் நிறுவனங்கள் கேட்கின்றன. போடலாம். அதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஈரம்: நேரடிக் கொள்முதல் நிலையத்தின் விதியில் உள்ள 17 சதவீத ஈரம் கொள்முதலுக்கான வரம்பு மட்டுமே, அந்த ஈரத்தோடு மாதக்கணக்கில் சேமிக்க முடியாது. நெல்லை நீண்ட நாள் வைக்க 13 சதவீத அளவுக்கும், மக்காச்சோளத்தை 12 சதவீத அளவுக்கும் உலர்த்துங்கள். கருவி இல்லையென்றால், உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி மக்காச்சோளமும் நன்கு காய்ந்த கொஞ்சம் உப்பும் போட்டு மூடிக் குலுக்கி, சிறிது நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே வந்துவிட்டது; மேலும் ஓரிரு நாள் காய வையுங்கள். ஈரமான ஒரு வண்டிச் சரக்கை உலர்ந்த குவியலில் கலக்காதீர்கள். சூடு அங்கிருந்துதான் தொடங்கும்.

தூசி: எலிவேட்டரின் அடிக்குழி, பேரிங், மோட்டார் மேல் படியும் தூசியைத் தினமும் கூட்டி அள்ளுங்கள். இயந்திரம் ஓடும்போது காற்றடித்து விரட்டாதீர்கள். அது தூசியைப் பரப்பும். தானியம் இறங்கும்போது வெல்டிங், பீடி, தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

ஆள்: கதவு திறந்து தானியம் இறங்கும் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஓடும் தானியம் புதைமணல். அரை நிமிடத்துக்குள் ஆளை மூழ்கடித்துவிடும். மேலே கட்டிதட்டி நிற்கும் தானியத்தை நம்பி மிதிக்காதீர்கள். அடியில் வெற்றிடம் இருக்கலாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்த தொட்டியில் காற்றோட்டம் முழுமையாகும் வரை தலை நீட்டக்கூட வேண்டாம். இறங்கியே ஆக வேண்டும் என்றால் இயந்திரத்தை நிறுத்திப் பூட்டி, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஒருவரை நிறுத்துங்கள்.

சீட்டு: எடை, ஈரம், கழிவு மூன்றையும் தனித்தனியே எழுதிய ரசீது கேளுங்கள். எடைக்கருவியில் அரசு முத்திரை இருக்கிறதா, வெறும் தட்டில் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். மாதிரியில் ஒரு பகுதியை மூடி முத்திரையிட்டு இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தரத்தில் தகராறு வந்தால் மூன்றாம் ஆளிடம் காட்டச் சாட்சி வேண்டும்.

உங்கள் உற்பத்தியாளர் நிறுவனம் சைலோ திட்ட அறிக்கையைக் கூட்டத்தில் வைக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மண் பரிசோதனை செய்தாயிற்றா? வெப்பம் அளக்கும் கேபிளும் காற்று ஊதியும் விலையில் சேர்ந்திருக்கின்றனவா? எலிவேட்டரில் பெல்ட் வழுக்கினால் நிறுத்தும் கருவி உண்டா? தரத்தில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லப்போவது யார்? நான்குக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.